கோரஸ் பெடல் வாங்கப் போகும் மாப்ளைக்கு

மயிலாடுதுறை,
ஆடி மாதம்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய். ஆடி மாதத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவனிடம் பதில் எதிர்பார்த்தது உன் தப்பு. ஒரு ஊரில் கஞ்சி வார்த்தல், அடுத்த ஊரில் தீமிதி, அதற்கடுத்த ஊரில் காளியம்மனுக்குப் பால்குடம். ஸ்பீக்கர் பாக்ஸை இறக்கி வைத்துத் துடைக்கக்கூட நேரமில்லை, அப்படியே அடுத்த வண்டிக்கு ஏற்றுகிறோம்.

மற்றபடி எல்லோரும் சௌக்கியம். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, பதினெட்டாம் பெருக்குக்குத் துலாக்கட்டத்தில் நல்ல கூட்டம். பம்ப்செட் வைத்திருப்பவர்கள் முன்னாடியே நட்ட குறுவை கதிர் வாங்கி நிற்கிறது. உங்கள் திருவாரூர் பக்கம் எப்படி, வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டதா? சின்னவள் திருச்சியில் பி.எட். சேர்ந்துவிட்டாள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், அதை உன் தங்கச்சி பார்த்துக்கொள்கிறாள், அதாவது காப்பியை நிறுத்திவிட்டாள்.

நீ ரிட்டையர் ஆன கையோடு கிட்டாரைத் தூசி தட்டி எடுத்ததும், அக்கா மகன் ட்ரூப்பில் வாசிக்கப் போகிறேன் என்று எழுதியதும் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஐயாயிரத்துக்குள் ஒரு நல்ல கோரஸ் பெடல் சொல் என்று கேட்டிருக்கிறாய். எதிரே மேடைக்குக் கீழே, எல்லா மைக், கருவிச் சத்தத்தையும் கலக்கிற மிக்ஸரில் உட்கார்ந்து கேட்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். உனக்கு உன் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சத்தம் கேட்கும். எனக்கு ஊர் கேட்பது கேட்கும். பெடல் வாங்கும்போது இரண்டாவது காதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

முதலில், காலடியில் வைத்து மிதித்து இயக்குகிற அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார். உன் கிட்டார் சத்தத்தை ஒரு நகல் எடுத்து, ஏறத்தாழ 5 முதல் 30 மில்லிவினாடி பின்தங்க வைத்து, அசலோடு சேர்த்து அனுப்புகிறது. அந்தத் தாமதத்தை ஒரே அளவில் நிறுத்தாமல் மெதுவாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. தாமதம் கூடிக்கொண்டு போகும்போது நகலின் சுருதி ஒரு மயிரிழை இறங்கும், குறையும்போது ஏறும். அசலும் இந்த நகலும் சேர்ந்தால் காதுக்கு இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும். இதை உனக்கு விளக்க வேண்டியதே இல்லை. திருவீழிமிழலை உங்கள் மாவட்டம்தானே. இரட்டை நாயனத்துக்குப் பேர்போன சகோதரர்களின் ஊர். இரண்டு பேரும் ஒரே சங்கதியைத்தான் பிடிப்பார்கள், ஆனால் மூச்சும் உதடும் வேறு வேறு, அந்த இம்மியளவு வித்தியாசத்தில்தான் ஒற்றை நாயனத்தில் வராத அகலம் வருகிறது. வித்தியாசம் இம்மியைத் தாண்டினால் சுருதி விலகிவிட்டது என்று கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கூட முகம் சுளிப்பார். கோரஸ் பெடலிலும் அதே எல்லைதான்.

இந்தச் சத்தம் பெட்டிக்குள் பிறக்கவில்லை என்பது உனக்குத் தெரியுமா? ரோலண்ட் கம்பெனி 1975-இல் ஜேசி-120 என்று ஒரு ஆம்ப் கொண்டு வந்தது. உள்ளே 60 வாட்டில் இரண்டு ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர். ஒன்றில் கிட்டார் அப்படியே வரும், மற்றதில் அசைகிற நகல் வரும். இரண்டும் கலப்பது வெளியே, காற்றில். அடுத்த வருடமே அந்தச் சர்க்யூட்டை மட்டும் தனியாகப் பெட்டியில் போட்டு, பாஸ் என்ற பெயரில் சிஇ-1 விற்றார்கள். கரண்டில் நேரடியாகச் சொருகுகிற பெரிய சாமான் அது. 1979-இல் வந்த சிஇ-2-தான் இன்று நாம் பெடல் என்றால் நினைக்கிற அளவுக்குச் சுருங்கியது. நகல் அசைகிற வேகம், ஆழம் என்று திருகுவதற்கு இரண்டே நாப். எண்பதுகளில் நாம் ரேடியோவில் கேட்டு மயங்கிய அந்தப் பளபளப்பான கிட்டார் இந்த மாதிரிப் பெட்டிகளின் வாரிசுதான்.

அதற்குள்ளே இருக்கும் சில்லை (சிப்) பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், என் கையில் ரிப்பேருக்கு வருவது அதுதான். பக்கெட் பிரிகேட் என்பார்கள், வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது போல. 1969-இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் கண்டுபிடித்தது. மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள மின்னூட்டத்தைப் பக்கத்துக் கெப்பாசிட்டருக்குத் தள்ளிவிடும். எம்என்3007, எம்என்3207 என்ற சில்லுகள் இரண்டிலும் இப்படி 1024 படி. தள்ளுகிற வேகத்தைக் கூட்டினால் தாமதம் குறையும், குறைத்தால் தாமதம் நீளும். அந்த வேகத்தை மெதுவாக ஏற்றி இறக்குவதற்குத் தனியாக ஒரு ஆஸிலேட்டர் சர்க்யூட். அவ்வளவுதான் அனலாக் கோரஸ். மலிவான பெடலைத் திறந்தால் பெரும்பாலும் 3207-தான் இருக்கிறது, இல்லாவிட்டால் அதன் சீன நகல். படிப்படியாகக் கைமாறி வருவதால் உச்ச ஸ்தாயி கொஞ்சம் மழுங்கும், அதைத்தான் வாங்குகிறவர்கள் ‘வார்ம்’ என்று சொல்லிக் காசு கொடுக்கிறார்கள். டிஜிட்டல் கோரஸ் அப்படி மழுங்காது, சுத்தமாக வரும். எனக்கு இரண்டும் சம்மதம். ஊர்த் திருவிழா மைதானத்தில் அனலாக்கா டிஜிட்டலா என்று கண்டுபிடிக்கிற காது இன்னும் பிறக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீரியோ என்று போட்டிருக்கிறதே என்று ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காதே. ஜேசி-120-இல் காற்றில் கலந்த அழகை வீட்டில் இரண்டு ஆம்ப் வைத்துக் கேட்டால் சொக்கிப் போவாய், மறுக்கவில்லை. ஆனால் கச்சேரியில் உன் கேபிள் ஒன்றுதான் என் மிக்ஸருக்கு வரும். பந்தலின் இந்தக் கோடியில் இருப்பவனுக்கும் அந்தக் கோடியில் இருப்பவனுக்கும் ஒரே சத்தம் போக வேண்டும், அதனால் செட் முழுக்க மோனோ. எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் போடுகிறோம். நீ கொடுத்த இரண்டாவது அவுட்டுக்கு இங்கே வேலையே இல்லை.

நீ தேட வேண்டியது மிக்ஸ் நாப். நகலை எவ்வளவு கலப்பது என்று தீர்மானிக்கிற நாப். பெயர் மிக்ஸ் என்று இருக்கலாம், எஃபெக்ட் லெவல் என்று இருக்கலாம். வெறும் லெவல் என்று எழுதியிருந்தால் ஏமாந்துவிடாதே, சில பெட்டிகளில் அது மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறதே தவிர கலவையைத் தொடுவதில்லை. வாசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன மாசம் ஒரு கச்சேரி. மெலடி பாட்டு, கிட்டார் பையன் ஆர்ப்பெஜியோ, அதாவது கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறான், நன்றாகத்தான் பிடிக்கிறான். கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் பேட், வயலின் கூட்டம் மாதிரி நீண்டு இழைகிற சத்தம், போய்க்கொண்டிருக்கிறது. பேட் என்பதே ஏற்கெனவே கோரஸ் போட்ட சத்தம். அதன் மேல் இவன் பெடல் முழு ஆழத்தில் அசைகிறது. பாடகிக்கு எந்தச் சுருதியைப் பிடிப்பது என்று தெரியவில்லை, மானிட்டரைக் கூட்டுங்கள் என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டே இருந்தாள். நான் மிக்ஸரில் கிட்டார் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை அரை அங்குலம் இறக்கினேன், பாட்டு நேராகிவிட்டது. ஆனால் கிட்டாரே காணாமல் போய்விட்டது. அவன் பெட்டியில் இரண்டு நாப்தான். கலவையைக் குறைக்க வழியே இல்லை. தனி கிட்டாராக வாசித்தால் அதே பெடல் அமிர்தம்.

இந்தக் கணக்கில் பார்த்தால் உன் ஐயாயிரத்துக்கு எனக்கு முதலில் தோன்றுவது டிசி எலக்ட்ரானிக்கின் ஆஃப்டர்குளோ. அனலாக், இரும்புப் பெட்டி, மூன்று நாப், மூன்றில் ஒன்று மிக்ஸ். விலை கடைக்குக் கடை மாறும், கொஞ்சம் பேரம் பேசினால் உன் பட்ஜெட்டை ஒட்டி வந்துவிடும். பெஹ்ரிங்கர் யுசி200 இருப்பதிலேயே சல்லிசு, சத்தம் அந்த விலைக்குக் குறை சொல்ல முடியாது, ஆனால் உடம்பு பிளாஸ்டிக். வீட்டில் வைத்து வாசிப்பவனுக்குத் தாராளமாகச் சொல்வேன். லோடு ஆட்டோவில் என் பாக்ஸோடு பாக்ஸாகப் பயணம் செய்கிற உனக்கு யோசித்துத்தான் சொல்வேன்.

டோனர், மூயர் இவையெல்லாம் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சைஸில் மினி பெடல் விடுகின்றன. டோனரில் டுட்டி லவ், மூயரில் என்சாம்பிள் கிங். சத்தம் நன்றாகவே இருக்கிறது. உள்ளே பேட்டரி வைக்க இடமில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதே. நாப்பும் பொடிசு, இருட்டில் நம் வயசுக் கண்ணுக்கு எது எங்கே திரும்பியிருக்கிறது என்று தெரியாது.

பெரிய பெயர்கள் மேல் ஆசை இருக்கும், தெரியும். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் ஸ்மால் குளோனில் ஒரு நாப், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் வாசித்த பெட்டி, நீ ஹாஸ்டல் சுவரில் அவர் படம் ஒட்டியிருந்தாய். தண்ணீருக்கடியில் கேட்பது போன்ற அந்தச் சத்தம் ராக் பேண்டில் தனியாக நிற்கும், நம் ட்ரூப்பில் கீபோர்டோடு சண்டை போடும். பாஸ் சிஎச்-1 இருக்கிறதே, 1989-இலிருந்து இன்றுவரை வருகிறது, எஃபெக்ட் லெவலும், தொனியை மாற்றும் ஈக்யூவும் தனித்தனி நாப், என்னைக் கேட்டால் மேடைக்கென்றே செய்தது. புதுசு உன் பட்ஜெட்டைத் தாண்டும். பழசு நல்ல நிலையில் ஐந்துக்கோ ஆறுக்கோ கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காமல் எடு. பழைய சிஇ-2 பக்கம் போகாதே, அது இப்போது சேகரிப்பவர்கள் கைக்குப் போய்விட்டது.

மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்று வாங்கினால் அதிலேயே பத்து கோரஸ் இருக்குமே என்று அக்கா மகன் சொல்வான். உண்மைதான். வீட்டில் பழகுவதற்கு அதுதான் லாபமும்கூட. பாட்டு நடுவில் மெனுவுக்குள் போய்த் தேடுகிற பொறுமை உனக்கு இருக்காது என்பதால்தான் நான் சொல்லவில்லை.

கடைக்குப் போகும்போது உன் கிட்டாரையே எடுத்துக்கொண்டு போ. திருச்சியில் பார்க்கலாம். வேக நாப்பைக் கடிகார முள் மாதிரி ஒன்பது மணி பக்கம் வை, ஆழம் பாதி, மிக்ஸ் பாதிக்குக் கீழே. சி மேஜரில் நிதானமாக ஆர்ப்பெஜியோ பிடி. பிறகு பெடலை ஆஃப் செய்து அதையே வாசி. ஆன் செய்யும்போது சத்தம் குறைகிறதா என்று கவனி, சில பெட்டிகளில் குறையும், மேடையில் அது பெரிய தொல்லை. அடுத்து தடித்த கம்பிகளில் மட்டும் வாசி, கீழ் ஸ்தாயி கலங்கலாகக் கேட்டால் என் பாக்ஸில் இன்னும் மோசமாகக் கேட்கும். கடைசியில் கையை எடுத்துவிட்டு சும்மா நில். டிக் டிக் என்று மெலிதாக ஒரு துடிப்பு வந்தால் அது அந்த ஆஸிலேட்டரின் வேலை. கடையில் ஃபேன் சத்தத்தில் தெரியாது, ஃபேனை நிறுத்தச் சொல்.

அடாப்டர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 9 வோல்ட் டிசி, நடுவில் நெகட்டிவ். நம் ஆட்கள் வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அடாப்டரைச் சொருகிவிட்டு, பெடல் போச்சு என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், நடு பாசிட்டிவ் என்பதை யாரும் பார்ப்பதில்லை. மலிவு அடாப்டர் ஒன்றில் நான்கு பெடலை மாலையாகக் கோத்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், அதில் ஒன்று டிஜிட்டலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பெட்டியில் பேட்டரிக்கு இடம் இருந்தால், நீ ஆரம்பத்தில் நல்ல பேட்டரி போட்டே வாசி. அனலாக் பெடல் கரண்டைக் குடிக்காது. ஆனால் வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கைப் பிடுங்கி வை. ஜாக் உள்ளே இருக்கிறவரை பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

உன்னிடம் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற பழைய ஓவர்டிரைவ் பெடல் இருக்கிறதல்லவா, கிட்டாரிலிருந்து முதலில் அது, அப்புறம் கோரஸ். மாற்றிப் போட்டால் கலங்கிப் போகும். எதிரொலி கொடுக்கிற டிலே பெடல் பிற்பாடு வாங்கினால் அது கோரஸுக்கும் பின்னால்.

விநாயகர் சதுர்த்திக்கு உங்கள் தெருவில் ட்ரூப் என்று எழுதியிருந்தாய். செட் யாருடையது என்று விசாரித்துச் சொல். இன்னும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடச் சொல், வாடகையில் பார்த்துச் செய்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கே வந்துவிடு, கூட்டம் வருவதற்கு முன் கோரஸ் அளவை இருவரும் சேர்ந்து வைத்துவிடலாம். ஓவர்டிரைவில் ஃபுட் சுவிட்ச் ஒட்டிக்கொள்கிறது என்றாயே, அதையும் எடுத்து வா, கையோடு மாற்றித் தருகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்