தேதி கொடுங்கள், இல்லையென்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்

அரங்க நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

போன சனிக்கிழமை மதியம், குட்டியானையிலிருந்து செட் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, "இன்னிக்கு நாடகம் இல்லை" என்று உங்கள் மேலாளர் சொன்னார். வாடகை கட்டி, ஸ்கிரிப்ட் கொடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. கேட்டால், "குடும்பத்தோட வர்ற இடம் சார்" என்றார்.

எங்கள் நாடகம் கருக்கலைப்பைப் பற்றியது. அது குடும்பத்துக்கு வெளியே நடக்கிற விஷயமா என்ன?

நாங்கள் கட்சி கட்டவில்லை. கதையில் கல்யாணமாகாத பெண், 22 வாரக் கரு. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை வழி உண்டு. மணமாகாதவர்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவளுக்கு எதிரே நிற்பவர் ஒரு நர்ஸ். "உதைக்கிற உசுரும்மா அது" என்பார். அந்த வேடத்தில் நடிப்பவர் நிஜத்திலும் ஓய்வுபெற்ற நர்ஸ், நிஜத்திலும் கருக்கலைப்பை ஏற்காதவர். "என் பக்கத்தையும் கேலி பண்ணாம எழுதியிருக்கியேப்பா" என்று சொல்லித்தான் 63 வயதில் முதல்முறையாக மேடையேற வந்தார். அன்று வெள்ளைச் சேலையும் மேக்கப்புமாக உங்கள் வாசல் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு நாற்காலி கொடுத்திருக்கலாம். அவர் வாயை அடைத்ததும் நீங்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா?

தேதி கொடுங்கள், இல்லையென்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

போலீஸிடம் ஸ்கிரிப்ட் காட்டி அனுமதிக்குக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 1954 நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்தது. போலீஸ் கையிலிருந்து போன பென்சில் இப்போது உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது போலும். திரும்பி வந்த பிரதியில் 'கரு' என்ற சொல் வரும் இடமெல்லாம் அடிக்கோடு. 'கருத்து' என்ற சொல்லுக்கும் சேர்த்து!

மனைவியை மட்டம் தட்டும் ஜோக்குகளுக்கு அதே மேடையில் கைதட்டல் விழுகிறதே, அதற்குக் குடும்பங்கள் வருவதில்லையா? சரி, அதை விடுங்கள். கேட்க வந்தது வேறு.

அடுத்த மாதத்தில் ஏதாவது ஒரு சனிக்கிழமை கொடுங்கள். முடியாதென்றால், காரணத்தை உங்கள் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதி, கட்டிய வாடகையையும் திருப்பித் தாருங்கள். எங்கள் இரும்புக் கட்டில் இன்னும் உங்கள் சைக்கிள் ஷெட்டில்தான் கிடக்கிறது. மேடைக்கா, வீட்டுக்கா என்று சொன்னால் வந்து தூக்கிக்கொள்கிறோம்.

பணிவுடன்,
நாடகத்தின் இயக்குநர்