ஏழாவதுக்கு என்ன போடுவது?

நீடாமங்கலம்
28.5.2025

மாப்ளே,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இதற்குள் நம் சிநேகிதன் தவில் வந்து சொல்லியிருப்பான். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை என்று அவனிடமே புகார் கொடுத்திருக்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். நாள் முழுக்க ஊரார் காகிதத்தைப் புரட்டுகிறவனுக்குச் சாயங்காலம் சொந்தக் காகிதம் ஒன்றைத் தொடக் கை வருவதில்லை. இன்றைக்குத் தொட்டதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து ஏதாவது சொல்வாய். கடிதத்தில் முடியாது பார்.

என் பெண் பாப்பாவின் பிளஸ் டூ மார்க்கைத் தவில் சொல்லியிருப்பான். கணக்கு 97, இயற்பியல் 88, வேதியியல் 91. கணக்கை முழுசாக எடுத்து மற்ற இரண்டையும் பாதியாக்கினால் 97, 44, 45.5. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200க்கு 186.5. நாம் எழுதி மண்ணைக் கவ்வினோமே, அந்த நுழைவுத் தேர்வெல்லாம் இப்போது கிடையாது; 2006இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். தமிழும் ஆங்கிலமும் பாஸ் ஆனால் போதும், அந்த மார்க்கைச் சேர்ப்பதில்லை. ராமானுஜன் இந்தக் காலத்தில் படித்திருந்தால் இங்கிலீஷில் ஒரு 35 வாங்கிக்கொண்டு தப்பித்திருப்பார். நம் கும்பகோணம் காலேஜில் அவருக்கு உதவித்தொகை போனதும் எனக்கு அரியர் விழுந்ததும் ஒரே பாவம்தான் என்று நீ சொல்வாயே. அவர் இங்கிலீஷில் போனார், நான் கணக்கிலேயே போனேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து இருபது வருஷம் ஆகிறது. மே மாதம் வந்தால் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று மூன்றையும் தூக்கிக்கொண்டு ஊரே என் கடையில்தான் நிற்கும். யாருக்கு எந்த இட ஒதுக்கீடு, எந்தச் சலுகைக்கு எந்தத் தாள் என்பது எனக்கு மனப்பாடம். வி.ஏ.ஓ.வே சில சமயம் ஆள் அனுப்பிக் கேட்பார். அப்படிப்பட்டவன் சொந்தப் பெண்ணின் இன்ஜினியரிங் விண்ணப்பத்தைப் பொறுமையாக, கடையடைத்த பிறகு, டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து நிரப்பினேன். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எந்தப் பள்ளி என்று கேட்கும் இடம் வந்தது. ஆறாவது, அரசுப் பள்ளி. அடித்தேன். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "அப்பா, ஏழாவதுக்கு என்ன போடுறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உனக்கு நினைவிருக்கும். 2019, அந்த வருஷம் கை கொஞ்சம் தாராளமாக இருந்தது. மச்சினன் மகள் எங்கள் வீட்டுக்கு வந்து டைனிங் டேபிள், ஃபிரிட்ஜ் என்று இல்லாத பொருளுக்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் சொன்னாள். என் வீட்டுக்காரி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஜூனில் பாப்பாவை ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வேன், ஷூ, மெரூன் கலரில் ஒரு டை. "நல்லாப் படிக்கிற புள்ளைய எதுக்குடா இடம் மாத்துற?" என்று நீ கேட்டாய். நான் உன்னைப் பொறாமைக்காரன் என்றேன். மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் பூட்டினார்கள். கடையையும்தான். ஃபீஸ் கட்ட வழியில்லாமல் எட்டாவதுக்குப் பழைய பள்ளியிலேயே கொண்டுவந்து விட்டேன். ஆகக்கூடி அவள் அங்கே போனது பத்து மாதம்கூட இருக்காது.

அந்தப் பத்து மாதம் இப்போது என்ன செய்கிறது தெரியுமா? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, இன்ஜினியரிங்குக்கு 2021இல். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் இடம் கிடைத்தால் ஃபீஸ், ஹாஸ்டல், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுகிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியாரில் எட்டு வரை இலவசமாகப் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குக்கூட அது உண்டு. பணம் கட்டிப் படிக்கவைத்தவன் பிள்ளைக்குத்தான் கிடையாது. மாதம் 1000 ரூபாய் தருகிறார்களே, புதுமைப் பெண் திட்டம், அதற்கும் கிட்டத்தட்ட இதே நிபந்தனைதான். அதுவும் போச்சு.

முதல் பட்டதாரிச் சலுகையாவது கிடைக்குமா என்று பார்த்தால், குடும்பத்தில் அப்பா அம்மாகூடப் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. நான்தான் பி.எஸ்ஸி. ஆயிற்றே! அந்தக் கடைசி அரியரை எழுத மாட்டேன் என்று காவிரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தவனை இழுத்துக்கொண்டுபோய் எழுதவைத்தது யார்? நீ. அந்தப் பட்டத்தால் முப்பது வருஷத்தில் எனக்கு ஒரு வேலை கிடைக்கவில்லை; இன்றைக்கு என் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியதை மட்டும் நிறுத்திவிட்டது. ஃபீஸில் பாதியை உனக்கு அனுப்பிவைக்கிறேன், தயாராக இரு.

சிரித்துவிட்டாயா? சரி, இப்போது சொல்வதற்குச் சிரிக்காதே. அன்று ராத்திரி அந்தக் கட்டத்தில் 'அரசுப் பள்ளி' என்று போட்டுவிடலாமா என்று நினைத்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும். எமிஸ் எண்ணை, அதுதான் பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற எண்ணை, தட்டினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். போன வருஷம் இப்படி ஒருத்தர் கேட்டபோது கடையிலேயே வைத்துச் சத்தம் போட்டு அனுப்பியவன் நான். ஆனாலும் விரல் அந்தப் பட்டன் மேலேயே நின்றது. பாப்பா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மௌஸை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, 'தனியார்' என்று அவளே போட்டாள். போட்டுவிட்டு, "அந்த டை எங்கப்பா இருக்கு?" என்றாள். ஜெராக்ஸ் மிஷின் மூடி நிற்காமல் விழுகிறது என்று அதைத்தான் ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டியிருக்கிறேன். மூன்று வருஷமாக அவள் தலைக்கு மேலேயே தொங்குகிறது. நான் காட்டவில்லை.

186.5 மோசமில்லை, அது எனக்கும் தெரியும். பி.சி. ஒதுக்கீட்டில் ஏதாவது ஒரு நல்ல இடம் வரும். ஒரே கட்-ஆஃப் நிறையப் பேர் வைத்திருந்தால் முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள். அதில் இவளுக்குக் கவலையில்லை. ஆனால் இவளைவிட இருபது மார்க் குறைவாக வாங்கிய கூலிக்காரர் பையன் ஒருவன் போன வருஷம் ஒதுக்கீட்டில் சேர்ந்து, ஒரு பைசா இல்லாமல் படிக்கிறான். அவனுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவனே நான்தான். அவனுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, சத்தியமாக. அந்தச் சட்டம் அவனுக்காகத்தான் வந்தது. என் மேல்தான் கோபம்.

அவளோ இன்ஜினியரிங்கே வேண்டாம் என்கிறாள். தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கு படிக்கிறாளாம். அரசு கலைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தையும் ஐம்பது ரூபாய் கட்டிப் போட்டுவிட்டாள், எனக்குத் தெரியாமல், என் கடைக் கம்ப்யூட்டரிலேயே. அங்கே மொழிப்பாடம் போக நான்கு பாடத்துக்கு 400 மார்க் பார்ப்பார்கள், இடம் நிச்சயம். காலையில் ரயில் ஏறினால் போய் வந்துவிடலாம். ஆசையில் சொல்கிறாளா, என் சட்டைப்பையைப் பார்த்துச் சொல்கிறாளா என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கேட்டால் "ரெண்டும்தான்" என்கிறாள். நீ பேசிப் பார். உன்னிடம் பொய் சொல்ல மாட்டாள். ஜூன் 6 வரை இன்ஜினியரிங்குக்குப் பணம் கட்டலாம். 500 ரூபாய்தான், ஆனால் அவள் மனசு தெரியாமல் கட்ட எனக்குப் பிடிக்கவில்லை.

உன் சின்னவன் பிளஸ் ஒன் முடித்துவிட்டான் இல்லையா? நம் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தை மறந்துவிடாதே. வேட்டாற்றங்கரையில் நீலக்குடியில் இருக்கிறது, கேரளத்திலிருந்தும் வடக்கேயிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள், நம் பிள்ளைகள் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறார்கள். அங்கே பிளஸ் டூ மார்க் வைத்துச் சேர்ப்பதில்லை. 2022இலிருந்து க்யூட் என்கிற அகில இந்திய நுழைவுத் தேர்வுதான். இந்த வருஷம் பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச்சிலேயே, விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். ரிசல்ட் வந்த பிறகு அதைக் கேட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தவர்கள் ஆறேழு பேர். வருஷம் பிறந்ததுமே கண்ணை வைத்திரு. ஆதாரிலும் பத்தாவது சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடு, பாதிப் பேர் அதில்தான் மாட்டுகிறார்கள்.

மற்றபடி ஊரில் விசேஷம் இல்லை. கோரையாறு காய்ந்து கிடக்கிறது, வாய்க்கால் தூர்வாருகிறோம் என்று மண்ணைக் கரையிலேயே போட்டுவைத்திருக்கிறார்கள். ஜூன் 12க்கு மேட்டூர் திறப்பார்கள் என்கிறார்கள். தவில் குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்று தினமும் என்னிடம் வந்து கேட்கிறான், நானென்னமோ மேட்டூர் சாவியை இடுப்பில் சொருகி வைத்திருப்பது மாதிரி.

ரயில்வே கேட் போட்டுவிட்டான். கூட்ஸ் போலிருக்கிறது, கால் மணி நேரம் திறக்காது. நிற்கிற கூட்டம் இனிமேல் என் கடைக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாப்பாவுக்குப் போன் போடு. டை கதையை நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே.

உன்
ஜெராக்ஸ்