மதிலில் தானே விதைக்கும் செடி

அன்புள்ள செல்வம்,

ரோமிலிருந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. மதில் இடுக்கில் தொங்குவது சிம்பலேரியா மியூராலிஸ். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ரோமின் சிதிலம்' என்பார்கள், இடத்துக்கேற்ற பேர்தான். நம் நீர்ப்பிரம்மிக்கு இது தூரத்து உறவு. இரண்டும் பிளான்டாஜினேசியே குடும்பம்.

சந்தேகம் இருந்தால் ஸ்கேலை எடு. பூ, பின்னால் நீளும் குட்டிக் கொம்போடு சேர்த்து 9 முதல் 15 மி.மீ.தான் இருக்கும். இளம் ஊதா, கீழுதட்டில் மஞ்சள் மேடு. இலை வழுவழுப்பு, பெரும்பாலும் ஐந்து மடல். பூ அந்த அளவைத் தாண்டி, செடி முழுக்கப் பூனைமுடியும் இருந்தால் அது இதே இனத்தின் சிம்பலேரியா பாலிடா, இத்தாலியின் அப்பெனைன் மலைச் செடி.

நீ கவனிக்க வேண்டியது பூவை அல்ல, காம்பை. மொட்டிலும் பூவிலும் அது வெளிச்சம் பார்த்து நீட்டி நிற்கும், தேனீ வரவேண்டுமே. கரு கூடியதும் அதே காம்பு நீண்டு, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, சுவர்ப்பக்கம் வளையும். இருட்டான இடுக்கைத் தேடிக் காயை உள்ளே செருகிவிடும். நிலக்கடலை விழுது இறங்குவதை நினைத்துக்கொள், ஆனால் அது மண்ணை நோக்கி இறங்குவது, இது இருட்டை நோக்கிப் போவது. இல்லாவிட்டால் விதை அத்தனையும் சுவரடியில் கொட்டிப் போகும். பூத்த காம்பு ஒன்றில் நூல் கட்டிவைத்துப் பார், திரும்புவது தெரியும்.

உன் கொல்லைச் சுவரிலும் வேண்டும் என்றாயே. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் நல்லது. இடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தால் வேருக்கு இடமே இல்லை, மெனக்கெடாதே. நாள் முழுக்க வெயில் காயும் பக்கத்தில் நாற்று கருகும். ஈரம் தங்கும் நிழல் பக்கமே சரி. விதை மிளகில் கால்வாசிகூட இராது. வெறுமனே தூவினால் முதல் மழையே கழுவிவிடும். ஈரக் களிமண்ணில் பிசைந்து, குச்சியால் இடுக்கில் அப்பு. ஆழமாகத் திணிக்காதே.

இதைவிட எளிது தண்டு. இரண்டு கணு உள்ள துண்டை மணலும் மக்கிய இலையும் கலந்த சின்னத் தொட்டியில், கீழ்க்கணு புதையும்படி வை. கணுவில் வேர் விடும். கொடி நீண்டதும் தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துக் காலி இடுக்கின்மேல் படரவிடு. பூத்தால் போதும், விதைக்கும் வேலையைக் காம்பே பார்த்துக்கொள்ளும்.

நூல் கட்டிய காம்பின் படத்தை மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
மாறன்