ஒரு மீட்டர் எங்கேயும் ஓடிப்போகாது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று முறை பார்த்தேன். ரேஸ் ஓடி முடித்து வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் பெண்குதிரை எவ்வளவு நிதானமாக ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்) போகிறாள்! தோள் நன்றாக விரிகிறது, காது முன்னால் நிற்கிறது. ஆனால் கூடவே நீ எழுதியிருந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. "டிசம்பருக்குள் ஒரு மீட்டர் உயரத் தடையைத் தாண்ட வைத்துவிடுவேன் அண்ணா."

வேண்டாம். இந்த வருடம் வேண்டவே வேண்டாம்.

இரண்டு வயதிலேயே பந்தயத்தில் ஓடுகிற இனம் என்பதால், நான்கு வயதில் முழுதாக வளர்ந்துவிட்டாள் என்று தோன்றும். கால் எலும்புகள் பெரும்பாலும் முதிர்ந்திருக்கும். முதுகெலும்பு அப்படி இல்லை. ஐந்து வயது தாண்டியும் அது முதிர்ந்துகொண்டிருக்கும். நீ உட்காருவது அந்த முதுகில்தான், தாண்டும்போது அவள் வளைக்க வேண்டியதும் அதைத்தான். ஆனால் எலும்பைவிட எனக்கு அவளுடைய மனசைப் பற்றித்தான் அதிக பயம்.

என் முதல் இளங்குதிரையை நானே கெடுத்தேன். ஐந்து வயது, சாம்பல் நிறம், எதைக் காட்டினாலும் ஆசையாக ஓடி வரும். இரண்டே வாரத்தில் 60 சென்டிமீட்டரைச் சுலபமாகத் தாண்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வாரம் கம்பை 90-க்கு ஏற்றினேன். நான் எதிர்பார்த்ததற்கு ஓரடி முன்பே அது கிளம்பிவிட்டது. நான் பின்னால் சாய்ந்து, விழாமலிருக்கக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கினேன். என் முழு எடையும் அதன் வாயில் இருந்த இரும்பில் இறங்கியது. அடுத்த முறை அது கம்பின் முன்னால் நின்றுவிட்டது. பிடிவாதம் என்று நினைத்துக் குச்சியால் தட்டினேன். உண்மையில் அது எனக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது: தாண்டினால் வாய் வலிக்கும். தரையில் கிடக்கும் கம்பைக்கூடப் பயமில்லாமல் கடக்க அதற்கு ஏழு மாதம் ஆனது. இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது.

நான் செய்த அந்தத் தப்பைத்தான் ஒரு காலத்தில் ராணுவப் பள்ளிகள் பாடமாகவே சொல்லிக்கொடுத்தன. தாண்டும்போது பின்னால் சாய், வாரை இழு, அப்போதுதான் குதிரை முன்கால்களில் விழாது என்றார்கள். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி ஆளில்லாமல் தாண்டும் குதிரைகளைக் கவனித்துப் பார்த்தார். அவை எப்படியும் முன்கால்களில்தான் இறங்குகின்றன, அதற்குக் கழுத்தை நீட்டியாக வேண்டும். அதனால் அவர் கால் வைக்கும் அங்கவடியைக் குட்டையாக்கி, முன்னால் சாய்ந்து, கையைக் குதிரையின் வாயோடு போகவிட்டார். 1907-இல் 39 வயதில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். இன்று உலகம் முழுக்க எல்லோரும் தாண்டுவது அவர் காட்டிய வழியில்தான்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதல் இரண்டு மாதம் கம்பு தரையிலேயே கிடக்கட்டும். ஒரே ஒரு கம்பு, நடையில். அவள் குனிந்து முகர்ந்து பார்க்கட்டும், அவசரப்படுத்தாதே. தலையைத் தளர்த்தி, வேகம் மாறாமல் கடந்தால் மூன்று கம்புகள் வை. இரண்டே இரண்டு வைக்காதே. சில குதிரைகள் அதை ஒரே அகலமான தடையாக நினைத்து மொத்தமாகத் தாண்டப் பார்க்கும். ட்ராட்டில் கடக்க இடைவெளி சுமார் 1.3 மீட்டர். அவளுடைய அடி குட்டையாக இருந்தால் கம்பை நெருக்கிப் போடு, நீளமாக இருந்தால் தள்ளிப் போடு. அவள் கால் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ள குதிரையைப் பராமரிக்கும் சைஸ் ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது. மேலே உட்கார்ந்திருக்கும் உனக்கு அது தெரியாது.

அப்புறம்தான் குறுக்குக் கம்பு. இரண்டு கம்புகளை எக்ஸ் மாதிரி போட்டால் நடு தாழ்ந்திருக்கும், அவள் தானாக நடுவுக்கு வருவாள். நடுவில் 40 சென்டிமீட்டர் போதும். முன்னால் 2.5 மீட்டர் தள்ளி ஒரு கம்பைத் தரையில் போட்டுவிடு. ட்ராட்டில் வந்தால் சரியான இடத்தில் கிளம்ப அதுவே சொல்லிக்கொடுக்கும். தடையின் அடியிலும், நீ வருகிற பக்கமாக, ஒரு கம்பு கிடக்க வேண்டும். குதிரை உயரத்தைக் கீழிருந்துதான் கணக்குப் போடுகிறது. அந்தக் கம்பைத் தடைக்கு அந்தப் பக்கம் போட்டாயானால் அவள் கணக்கு தப்பி, தடையில் மோதுவாள்.

அவள் கண்ணையும் நினைவில் வை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் மூக்குக்கு நேர் எதிரே கொஞ்ச தூரம் அவளுக்குத் தெரியாது. கிளம்பும் கடைசி நொடியில் தடையைப் பார்க்காமலே தாண்டுகிறாள், ஏற்கெனவே பார்த்து வைத்ததை நம்பி! அதனால்தான் நேராக, நிதானமாக, தலையை அசைக்க இடம் கொடுத்து வர வேண்டும். நிறம்கூட நம்மைப் போல் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க அவளால் முடியாது. பிரிட்டனில் தடைப் பந்தயங்களில் இருந்த ஆரஞ்சு நிறத்தை 2022-இல் வெள்ளைக்கு மாற்றத் தொடங்கியது இதற்காகத்தான். உன்னிடம் இருக்கும் செம்மண் தரையில் ஆரஞ்சு கம்பு சுத்தமாகக் கலந்துபோகும். வெள்ளை அடித்துவிடு.

வாரத்துக்கு இரண்டு நாள் தாண்டினால் போதும், ஒரு நாளில் எட்டு பத்து முறைக்கு மேல் வேண்டாம். நன்றாகச் செய்த உடனே இறங்கி, சேணத்தின் வயிற்று வாரைத் தளர்த்தி, லாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். அந்த ஒரு தடவையில்தான் சோர்ந்துபோய்க் கால் தடுக்கும்.

கழுத்தில் ஒரு தோல் வார் கட்டிக்கொள். நீ பின்தங்கினால் அதைப் பிடி, இல்லையா பிடரி மயிரைப் பிடி. அவள் வாயை மட்டும் பிடிக்காதே.

இதையெல்லாம் தொடங்கும் முன் பல்லைப் பார்க்க டாக்டரை வரவழை. நான்கு வயதில் பால்பற்கள் இன்னும் விழுந்துகொண்டிருக்கும், இரும்பு பட்டால் வலிக்கும். பார்த்தாகிவிட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சொல், வெயில் ஏறுமுன் வந்துவிடுகிறேன். இடைவெளி அளக்க டேப் நான் கொண்டுவருகிறேன். நீ கம்புக்கு வெள்ளை அடித்து வை.

அன்புடன்,
அண்ணன்