முரளியின் கடல் ராக்கெட் வேலை பற்றி

அன்புள்ள கோபாலா,

இங்கே எல்லோரும் நலம். என் முதுகு பழையபடிதான். உன் கடிதம் வந்து வெகுநாளாகிவிட்டது. பதில் ஏன் தாமதம் என்று கேட்காதே, நீ இதற்கு முந்தைய என் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நடுக்கடலிலிருந்து ராக்கெட் ஏவப்போகிற புதுக் கம்பெனி ஒன்று முரளியை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. "வெடித்தால் பிள்ளை நீந்தியா கரைக்கு வருவான்?" என்று கேட்டிருக்கிறாய். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலே தலை சுற்றும் ஆள் நீ, வேறு எதைக் கேட்பாய்! ஆனால் ஆள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாய். தரை நிலையத்தில் ஆண்டெனாவோடு மல்லுக்கட்டிய காலத்தில், செயற்கைக்கோளை யார் ஏவினாலும் எனக்கு ஒன்றுதான், கடலிலிருந்து ராக்கெட் ஏவிய சீ லாஞ்ச் கம்பெனி ஏவினால் மட்டும் தூங்க மாட்டேன். மணி அப்போது எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத வேண்டாம்.

அந்தக் கதையைச் சொன்னால்தான் முரளிக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது உனக்குப் புரியும். 1995-ல் தொடங்கிய கூட்டு அது. அமெரிக்காவின் போயிங், ரஷ்யாவின் எனர்ஜியா, நார்வேயின் குவார்னர், உக்ரைனின் யூஷ்னோயே என்று நாலு நாட்டுக்காரர்கள். பனிப்போரில் ஒருவர் மேல் ஒருவர் குறிவைத்திருந்தவர்கள் கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். ஏவுமேடையின் பெயர் ஒடிசி. அது முன்பு கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை. 1988-ல் வட கடலில் வாயு பீறிட்டுத் தீப்பிடித்து அதன் ரேடியோ ஆபரேட்டர் இறந்துபோனார். கருகி நின்ற அதைத்தான் வாங்கி, நீட்டி, ராக்கெட் மேடையாக்கினார்கள். கூடவே கமாண்டர் என்று 200 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று. அதன் வயிற்றுக்குள் ராக்கெட்டைப் படுக்கவைத்துப் பூட்டி, துறைமுகத்திலேயே கிரேன் வைத்து ஒடிசிக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு இரண்டும் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் பயணம் செய்து, பசிபிக்கின் நடுவே, மேற்கு 154 பாகையில், சரியாக நிலநடுக்கோட்டின் மேல் போய் நிற்கும்.

ஏன் அவ்வளவு தூரம்? பூமியின் சுழற்சி அங்கேதான் அதிகம். நொடிக்கு 465 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். உண்மையான லாபம் வேறு. தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் நிற்க வேண்டிய இடம் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில். அமெரிக்காவின் கேப் கனாவரல் ஏவுதளத்திலிருந்து கிளம்பினால் பாதை 28 பாகை சாய்ந்திருக்கும், கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து கிளம்பினால் இன்னும் மோசம். அந்தச் சாய்வை நிமிர்த்துவது, முழு வேகத்தில் ஓடும் லாரியைப் பக்கவாட்டில் தள்ளித் திருப்புவது மாதிரி; அவ்வளவு எரிபொருள் தின்னும். நிலநடுக்கோட்டிலிருந்து கிளம்பினால் அந்தச் செலவே இல்லை. மிச்சமாகும் எரிபொருள் செயற்கைக்கோளின் ஆயுளாக மாறும். பதினைந்து வருடம் சம்பாதிக்க வேண்டிய பொருளுக்கு இன்னும் இரண்டு வருடம் கூடினால் அதன் முதலாளிக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

சரி, உன் பயத்துக்கு வருகிறேன். ஏவுமிடம் போனதும் ஒடிசி தன் கால்களில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு பாதி மூழ்கும். அப்போதுதான் அலை ஆட்டாது. அதற்கப்புறம் எல்லோரும் மேடையை விட்டு இறங்கி, சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கமாண்டருக்குப் போய்விடுவார்கள். எரிபொருள் நிரப்புவதிலிருந்து ஏவுவது வரை ஆளில்லாமலே நடக்கும். சீ லாஞ்ச் ஏவிய ஜெனித் ராக்கெட்டை அப்படித்தான் சோவியத்காரர்கள் படைத்திருந்தார்கள், போர்க்காலத்தில் கை படாமல் சட்டென்று கிளம்ப வேண்டும் என்று. அந்தப் பழக்கம் 2007 ஜனவரி 30-ல் உதவியது. என்.எஸ்.எஸ்-8 செயற்கைக்கோளோடு ஜெனித் பற்றவைத்த கணத்தில் மேடையிலேயே வெடித்தது. நெருப்பைத் திசைதிருப்பும் பல டன் இரும்பு கடலுக்குள் போனது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நம் ஊரில் வண்டி ஓட்டுவதைவிட அது பத்திரமான வேலை, கோபாலா.

ஒடிசி வீடு திரும்பியது. பழுது பார்த்து அந்த வருடக் கடைசியிலேயே துரையா-3 செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு போனார்கள். நீரோட்டம் ஒத்துவராமல் அப்படியே துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். 2008 ஜனவரி 15-ல் ஏவியே விட்டார்கள். அந்த வருடம் மட்டும் கடலிலிருந்து ஐந்து ராக்கெட், ஐந்தும் வெற்றி. நான் மணிக்கு விருந்தே வைத்தேன்.

அடுத்த வருடம் ஜூனில் கம்பெனி திவால்.

இதைத்தான் நீ இரண்டு தடவை படிக்க வேண்டும். வெடித்த வருடத்தில் சாகவில்லை, ஐந்துக்கு ஐந்து ஜெயித்த பிறகு செத்தது. ஒரு கப்பல், ஒரு மேடை, ஒரு துறைமுகம், மாலுமிகள், நாலு நாட்டு என்ஜினியர்கள். ராக்கெட் போனாலும் போகாவிட்டாலும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஐந்து ஆறு ஆர்டர் வராவிட்டால் தாங்காது. 2009-ல் கடலிலிருந்து ஏவியது ஒன்றே ஒன்று. 2010-ல் எனர்ஜியா பெரும்பங்கை எடுத்துத் தூக்கி நிறுத்தியது. 2013 பிப்ரவரியில் இன்டெல்சாட்-27 செயற்கைக்கோளோடு கிளம்பிய ராக்கெட் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் கடலில் விழுந்தது. முதல் அடுக்கின் ஹைட்ராலிக் பம்ப் காலைவாரிவிட்டது. 2014 மே 26-ல் யூடெல்சாட் 3பி நல்லபடியாக மேலே போனது. அதுதான் கடைசி. உக்ரைன் செய்த ராக்கெட், அதற்குள் ரஷ்யா செய்த என்ஜின். 2014-ல் அந்த இரண்டு நாடும் மோதிக்கொண்ட பிறகு இந்த இரண்டையும் யாரால் சேர்த்துப் பூட்ட முடியும்? எஸ்7 என்ற ரஷ்ய விமானக் கம்பெனி பிற்பாடு வாங்கி, 2020-ல் கப்பலையும் மேடையையும் ரஷ்யாவின் தூரக் கிழக்குக்கு இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒரு ராக்கெட்கூட அந்த மேடையிலிருந்து போகவில்லை. மொத்தம் 36 ஏவுதல், அதில் மூன்றுதான் முழுத் தோல்வி. இந்தப் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு மூழ்கிய கம்பெனி வேறு உண்டா என்று எனக்குப் பல நாள் ஆத்திரமாக இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

சீனாக்காரர்கள் 2019-லிருந்து கப்பலிலிருந்து ஏவுகிறார்களே என்று முரளி சொல்வான். சொல்லட்டும். அவர்கள் தொடங்கியது திட எரிபொருள் ராக்கெட்டில். கடலில் எரிபொருள் நிரப்பும் தலைவலி இல்லை, கரையும் பக்கம். ஸ்பேஸ்எக்ஸ்கூட எண்ணெய் மேடை இரண்டை வாங்கிப் பார்த்து, வேண்டாம் என்று விற்றுவிட்டது.

அதனால் அவன் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் விசாரிக்கட்டும். ஆர்டர் எத்தனை கையில் இருக்கிறது, முன்பணம் வாங்கினார்களா. ராக்கெட்டின் என்ஜின் யாருடையது, அந்த நாட்டோடு சண்டை வந்தால் மாற்று உண்டா. ஒரு வருடம் ஏவாமல் சும்மா நின்றால் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்கிறதா. பதில் மழுப்பலாக வந்தால் வேறு வேலை பார்க்கட்டும். நேராக வந்தால் போகட்டும்.

உன் பயத்துக்காக மட்டும் தடுக்காதே. உன் அப்பா அந்தக் கப்பல் கம்பெனிக் கடிதத்தைப் பூஜை அறையில் ஒளித்துவைத்தது எனக்குத் தெரியும்; நீ யாரிடமும் சொல்லாமல் ஒரு வருடம் அலைந்தது அதைவிட நன்றாகத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. பயந்தார், அவ்வளவுதான். அதைப்பற்றி இத்தனை வருடத்தில் நீயும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் பேச வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை முரளியை என்னைக் கூப்பிடச் சொல். ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விடக் கூடாது.

அன்புடன்,
ராமு

பி.கு.: 2007-ல் ஒடிசி மேல் வெடித்த வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. நீ பார்க்காதே. மைதிலிக்குப் போட்டுக் காட்டு, உங்கள் வீட்டில் தைரியசாலி அவள்தான்.