ஐதீகம் என்ற சொல்

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. இங்கே மாட வீதியில் கோலப்பொடி வண்டிகள் வந்தாயிற்று. மார்கழி வாசலில் நிற்கிறது.

நீ புரூஃப் திருத்தும் தல வரலாற்றுச் சிறுநூலில் பக்கத்துக்குப் பக்கம் 'ஐதீகம்' வருகிறதே, அதற்கு என்னதான் பொருள் என்று கேட்டிருந்தாய். வடசொல்தான். 'இதி' என்றால் 'என்று'. 'ஹ' வெறும் அழுத்தம், நம் 'தான்' போல. இரண்டும் சேர்ந்த 'இதிஹ'விலிருந்து 'ஐதிஹ்யம்' வருவதற்கு இலக்கண ஆசிரியர் பாணினியின் சூத்திரத்திலேயே இடம் இருக்கிறது. 'இதிகாச'மும் இதன் உறவு: இதி ஹ ஆஸ, இப்படித்தான் இருந்தது. ஆக, 'என்பது ஐதீகம்' என்று எழுதினால் 'என்று' இரண்டு தடவை விழுகிறது. போகட்டும், பழகிவிட்டது.

மணிமேகலையில் இது குறிலோடு 'ஐதிகம்'. சமயக்கணக்கர் காதையில், வேத வியாசர் கொண்ட பத்து அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், ஒன்று. சாத்தனார் தரும் உதாரணம் அருமை: இந்த மரத்தில் ஒரு பேய் உண்டு என்று உலகம் சொல்ல, நாமும் அப்படியே தெளிவது. பேயைப் பார்த்தவர் யார்? பேரே கிடையாது. நியாய சூத்திரம் என்ற தர்க்க நூலின் உரையில் வாத்ஸ்யாயனர் சொல்லும் இலக்கணமும் அதுதான்: முதலில் சொன்னவர் இன்னார் என்றில்லாமல் வழிவழியாக வரும் பேச்சு. நியாயக்காரர்கள் அதைத் தனி அளவையாக ஏற்காமல், நம்பத்தக்கவர் சொல் என்ற அளவைக்குள் அடக்கிவிட்டார்கள்.

நீ பென்சிலோடு உட்காரும்போது, வினையில் 'ஆம்' ஒட்டிப் பார். "உமை மயிலாக வந்து புன்னையடியில் பூசித்தாளாம்." ஒட்டுகிறது, ஐதீகம் இருக்கட்டும். மயிலையில் பங்குனி உத்திர விழா நடந்தது ஐதீகமா? இல்லை, சம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்திலேயே இருக்கிறது. வரியை எடுத்துப் போடு. குடத்துச் சாம்பலிலிருந்து பூம்பாவை என்ற பெண் உயிரோடு எழுந்ததற்குப் 'பெரியபுராணம் கூறும்' என்று எழுது. நூற்பேர் சொல்ல முடிகிற இடத்தில் ஐதீகம் போடுவது சோம்பல்.

சம்பிரதாயத்தோடும் குழப்பாதே. வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதிருப்பது சம்பிரதாயம், அது செய்கை. வெட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்பதுதான் ஐதீகம், அது பேச்சு. அச்சுக்கோத்தவர் இரண்டையும் ஒரே பத்தியில் மாற்றிப் போட்டிருப்பார், பார்த்துக்கொள்.

அடுத்த புரூஃபை அனுப்பு.

அன்புடன்,
ராமநாதன்