ஆக்சோலாட்டலுக்குப் புழு கொடுக்கும் முன்

வாடிக்கையாளர் அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை உயிரான ஆக்சோலாட்டலுக்குத் தீனியாகச் சிறு மீன்களையும் டியூபிஃபெக்ஸ் புழுவையும் விற்பதை இந்த மாதம் முதல் நிறுத்திவிட்டோம். கம்பத்துக்காரர்களும், மலையிறங்கிக் குமுளியிலிருந்தும் வண்டன்மேட்டிலிருந்தும் வருகிறவர்களும் காரணம் கேட்கிறீர்கள்.

மீனோடு ஒட்டுண்ணிகளும் தொட்டிக்குள் வந்துவிடுகின்றன. பிடிபடாத மீன், ஆக்சோலாட்டலின் இறகு போன்ற செவுள்களைக் கடித்துக் குதறும். தங்கமீனில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி வேறு இருக்கிறது. டியூபிஃபெக்ஸோ சாக்கடைச் சேற்றில் வளர்வது. எத்தனை முறை அலசினாலும் அதன் குடலை அலச முடியாது.

வளர்ந்த ஆக்சோலாட்டலுக்கு மண்புழுவுக்கு இணையான உணவு இல்லை. அதன் பற்கள் மெல்லுவதற்கானவை அல்ல. இரையைத் தண்ணீரோடு உறிஞ்சி அப்படியே விழுங்கிவிடும். ஓடு தடித்த மீல்வார்ம் புழுவை வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் எந்த மண்ணில் எடுத்த புழு? திராட்சைக்கும் ஏலத்துக்கும் எவ்வளவு மருந்து அடிக்கிறோம் என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மண்ணைத் தின்னும் புழு அந்த நஞ்சையும் சுமக்கிறது. போன மழைக்காலத்தில் ஒருவர் ஏலச்செடித் தூரில் தோண்டிய புழுக்களை டப்பாவில் கொண்டுவந்து காட்டினார். நல்ல கொழுத்த புழுக்கள். கடைசியாக மருந்தடித்தது எப்போது என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி, ஒன்பது நாள் என்றார். அந்த டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, நம் கடையில் வளர்க்கும் புழுவைக் கொடுத்தனுப்பினேன்.

உரக்குழியில் கிடைக்கும் வரிவரியான சிறு சிவப்புப் புழுவும் சரிவராது. அழுத்திப் பிடித்தால் விரலில் மஞ்சள் நீர் கசியும். அதன் கசப்பு தாங்காமல் பல ஆக்சோலாட்டல்கள் கவ்விய வேகத்தில் துப்பிவிடும். கடையின் பின்கட்டில் சிமெண்ட் தொட்டியில் நாங்கள் வளர்ப்பது ஆப்பிரிக்க மண்புழு. சாணமும், மருந்துபடாத வீட்டுக் கொல்லையின் வாழைச்சருகும்தான் அதற்குத் தீனி.

வாங்கிச் செல்லும் புழுவை ஈரமான தென்னைநார்த் தூளில் ஒரு நாள் விட்டுவைத்தால் வயிற்றுக் கழிவு வெளியேறிவிடும். பிறகு குளோரின் இல்லாத நீரில் கழுவிக் கொடுங்கள். ஆக்சோலாட்டலின் இரு கண்களுக்கு நடுவேயுள்ள அகலத்தைவிடப் புழு தடிமனாக இருக்கக்கூடாது. நீளமாக இருந்தால் நறுக்கிவிடுங்கள். வளர்ந்தவற்றுக்கு 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை போதும். முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த குஞ்சுகள் அசையாத எதையும் தொடாது. அவற்றுக்கு ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சும், டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளும் நம்மிடம் இருக்கின்றன. ஆர்டீமியாவின் உப்பு போக நல்ல நீரில் அலசிய பிறகே விடுங்கள்.

கோடையில் தீனியை ஒதுக்கினால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் அதற்கு இதம். 24-ஐத் தாண்டினால் எந்தப் புழுவைக் கொடுத்தும் பயனில்லை. தின்னாமல் விட்டதை உடனே எடுத்துவிடுங்கள்.

ஞாயிறு காலையில்தான் தொட்டியைக் கிளறுகிறோம். புழு வேண்டுவோர் சனிக்கிழமையே சொல்லிவிட்டு, மூடியில் துளையிட்ட டப்பாவோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வண்ணமீன் கடை, கம்பம்